நெல்லையப்பன் பதினொண்ணு

உக்காருங்க சார், ஜன்னல் பக்கமே உக்காருங்க. நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கிருவேன். டிக்கெட்டா? தென்காசிக்கு எடுத்திருக்கேன். அடுத்த ஸ்டாப்புல இறங்குதவனுக்கு என்னத்துக்குத் தென்காசி டிக்கெட்டுன்னு பாக்கியளா? அது ஒரு கதை. முன்னால ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான், வண்டி இப்போதைக்கு நவுறாது. சொல்லுதேன், கேளுங்க.

நீங்க போன்ல வீடு கிடைக்கலைன்னு பேசிக்கிட்டு வந்தது காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கலை. பஸ்ஸுல ஏறிட்டா என் காது தானா வேலை பாக்க ஆரம்பிச்சிரும். செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பாத்தே சொல்லிருவேன். தூங்குத மாதிரி நடிப்பான் பாருங்க, அவன் கண்ணு மூடியிருக்கும், கால் கட்டைவிரல் முழிச்சுக்கிட்டு இருக்கும். ஓசியில போறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒருத்தன் ஓசியில போனா மத்தவன் எல்லாம் அவனையும் சேத்துச் சுமக்கான்னுதான் அர்த்தம்.

நீங்க வாத்தியாரா? புதுசா மாத்தலாகி வந்திருக்கியளா? நல்லது. அது இருக்கட்டும், பொறவு பேசுவோம்.

என் பேரு நெல்லையப்பன். இந்த ஊரு சாமி பேரு. எங்க வீட்டம்மா பேரு வடிவு. கல்யாணம் ஆன நாள்லருந்து அவ என் பேரைச் சொன்னது கிடையாது. புருசன் பேரைச் சொல்லக் கூடாதுன்னு அவ அம்மை சொல்லி அனுப்பிட்டாவ. மத்த வீட்டுல பேரைத்தான் சொல்ல மாட்டாவ, இவ அது பக்கத்துலயே போக மாட்டா. நெல்லையப்பர் கோயிலுக்குப் போனா 'பெரிய கோயிலுக்குப் போயிட்டு வாரேன்'ம்பா. மக நெல்லை எக்ஸ்பிரஸ்ல வாரான்னா 'அந்த மெட்ராஸ் வண்டியில வாரா'ம்பா. திருநெல்வேலின்னு முழுசாச் சொல்லக்கூட யோசிப்பா, 'நம்மூரு'ம்பா. என்னைக் கூப்பிடணும்னா 'இந்தாருங்க'. அவ்வளவுதான். நான் மாடியில இருந்தாலும் 'இந்தாருங்க', தெருவுல போனாலும் 'இந்தாருங்க'. தெருவுல போற ஆம்பிளை பூரா திரும்பிப் பாப்பான்.

ஒருக்கா குற்றாலத்துக்குப் போனோம். சீசன் கூட்டம். என்னைத் தவற விட்டுட்டா. போலீஸ்காரங்க மைக் வச்சிருந்தாவல்லா, அங்க போய் நின்னிருக்கா. புருசன் பேரு என்னம்மான்னு கேட்டிருக்காவ. இவ வாயே திறக்கலை. ரொம்பக் கேக்கவும், 'செக்கிங் இன்ஸ்பெக்டர்'னு சொல்லியிருக்கா. அவன் அப்படியே மைக்குல சொல்லிட்டான், செக்கிங் இன்ஸ்பெக்டர் எங்கிருந்தாலும் உடனே வரவும்னு. பஸ் ஸ்டாண்டுல நின்ன கண்டக்டர் பூரா பையைத் திறந்து எண்ண ஆரம்பிச்சுட்டான். நான் ஈரத்துண்டோட ஓடிப் போறதுக்குள்ள வேற ரெண்டு இன்ஸ்பெக்டர் எனக்கு முன்னால வந்து நிக்காவ. போலீஸ்காரன் இதுல யாரும்மான்னு கேக்கான். இவ என்னைக் கைகாட்டி, 'இவிய'ன்னா.

எனக்கு அதுல பெருமைதான் சார். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரிட்டயர் ஆன பொறவு ஒருநாள் சும்மா உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். டிப்போவுல எல்லாருக்கும் நான் செக்கர் சார். மகளுக்கு அப்பா. அக்கம்பக்கத்துல மாமா. பேங்குல டோக்கன் நம்பர். நெல்லையப்பான்னு என்னைக் கூப்பிட இந்த ஊர்ல ஒரு ஆள் கிடையாது. வாசல்ல ஒரு பலகை மாட்டியிருந்தேன், 'நெல்லையப்பன், செக்கிங் இன்ஸ்பெக்டர், ஓய்வு'ன்னு. என் பேரு அந்தப் பலகையிலதான் இருந்துச்சு, வேற எங்கயும் இல்லை. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை. சும்மா சொல்லுதேன்.

இப்பதான் கதை. எங்க மக சங்கரி மஸ்கட்டுல இருக்கா. பேத்தியைப் பாக்கணும்னா போன்ல படம் வரணும், அதுக்கு வைஃபை வேணும்னு அவளே ஏற்பாடு பண்ணிட்டா. பெட்டியை மாட்ட ஒரு பையன் வந்தான். இசக்கிராஜான்னு பேரு. நல்ல பையன், ஆனா பேச்சு ஜாஸ்தி. பாஸ்வேர்டு நீளமா இருக்கணும், பேரு வைக்கக் கூடாது, பொறந்த தேதி வைக்கக் கூடாது, அடிக்கடி மாத்தணும்னு அடுக்குதான். வேணும்னா நெட்டோட பேரே வெளிய தெரியாம மறைச்சு வைக்கலாம்னான். போர்டு இல்லாத பஸ்ஸா தம்பி, நானே ஏற மாட்டேனேன்னேன்.

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. இந்த வீட்டுல ஆளு ரெண்டு. நான் வெளிய சொல்ல மாட்டேன். அவளால சொல்லவே முடியாத சொல்லு ஒண்ணு இருக்கு. அதையே பூட்டாப் போட்டுட்டா? என் பேரையே வைன்னேன். இசக்கிராஜா தலையைச் சொறிஞ்சான். சார், பேரு வேண்டாம்னுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்னான். போடு தம்பின்னேன். போட்டான். வடிவு போனுல நானே அடிச்சுக் கொடுத்தேன். அவ எட்டிப் பாத்தா, முகத்தைத் திருப்பிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. நான் நிம்மதியா இருந்தேன்.

கொஞ்ச நாள் நல்லாத்தான் ஓடுச்சு. பொறவு பேத்தி பேசிக்கிட்டே இருக்கும்போது அப்படியே நின்னுருது. வாயைத் திறந்தது திறந்தபடி நிக்கு புள்ளை. யாரும் பெட்டியைத் தொடுதாவளோன்னு எடுத்து பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். அன்னைக்குப் பேத்தி முகமே வரலை. இசக்கிராஜா வந்து பாத்துட்டு, சார், இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டினா உங்களுக்கே வராதுன்னான். எடுத்து வெளிய வச்சுட்டு, போன்ல எதையோ தட்டி, இங்க பாருங்கன்னு காட்டுதான். உங்க பெட்டியில யாரெல்லாம் ஏறியிருக்கான்னு இதுல தெரியும்னான். பாத்தா, தீபாவளிக்கு மொத நாள் பஸ் மாதிரி நிக்கான் சார். வாழ்நாள் பூரா ஓசி டிக்கெட்டைப் பிடிச்சவன் வீட்டுக்குள்ள இம்புட்டு ஓசியா?

நாங்க இருக்கது ஒரு வளவு. ஒரே நடைவாசல், உள்ள எதிரும் புதிருமா வீடு. யாரு தும்மினாலும் எல்லாருக்கும் கேக்கும். ஒவ்வொரு வீட்டுப் படியா ஏறிக் கேட்டேன், நெட்டுல எங்கன ஏறினியன்னு. எல்லாரும் வானத்தைப் பாக்காவ. கடைசி வீட்டுல ஜெனிஷான்னு ஒரு நர்ஸ் பொண்ணு, அவளும் அவ அம்மையும். அந்தப் புள்ளை ஜெர்மனிக்கு வேலைக்குப் போகணும்னு அந்த பாசையைப் படிக்கு. காதுல வயரை மாட்டிக்கிட்டு முத்தத்துல நடந்துக்கிட்டே எதையோ கடிச்சுத் துப்பும். நான் போய்க் கேட்டதுக்கும் அந்தப் பாசையிலயே ஏதோ சொல்லிச்சு. நல்ல வார்த்தையாத்தான் இருக்கும்.

இசக்கிராஜாதான் சொன்னான். சார், உங்க பாஸ்வேர்டை நீங்களே வாசல்ல பலகை எழுதி மாட்டியிருக்கியளேன்னு. நல்லா இருக்கே கதை. அப்பவே ஸ்குருவைக் கழட்டிப் பலகையைப் பரண்ல போட்டேன். வாசல் மொட்டையா நின்னுச்சு. வடிவு அந்த இடத்தை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னா. நான் கண்டுக்கிடலை. பேரோட ஒரு நம்பரையும் சேத்தேன், நெல்லையப்பன் ஒண்ணு. இப்ப அது எழுத்துல எங்கயும் கிடையாது. எனக்குத் தெரியும், வடிவுக்குத் தெரியும்.

ரெண்டு நாள் பெட்டி காலியா கிடந்துச்சு. மூணாம் நாள் பாத்தா மறுபடியும் கூட்டம்.

யோசிச்சுப் பாருங்க. நான் சொல்லலை. வடிவு மேல சந்தேகமே வரலை சார். எப்படி வரும்? குற்றாலத்துல அத்தனை கூட்டத்துல புருசனே தொலைஞ்சாலும் பேரைச் சொல்லாதவ. எங்க வீட்டுப் பல்லி போய்ச் சொல்லியிருக்கும்னாலும் நம்பியிருப்பேன். இசக்கிராஜா மேல சந்தேகப்பட்டேன். மஸ்கட்டுல இருக்க மருமகன் மேலகூட லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு, அவரு கம்ப்யூட்டர்காரரு. வடிவுட்டயே உக்காந்து புலம்புவேன், எவனோ பெரிய கைகாரன்ளா, எப்படித்தான் கண்டுபிடிக்கானோன்னு. அவ முறத்துல அரிசியைப் புடைச்சுக்கிட்டே, ஆமா, காலம் கெட்டுப் போச்சும்பா.

சரி, இதை நம்ம தொழில்ல பாக்குத மாதிரிப் பாத்திருவோம்னு முடிவு பண்ணினேன். செக்கிங்ல ஒரு வித்தை உண்டு. பெரிய ஸ்டாப்ல நின்னா கண்டக்டர் தூரத்துலயே பாத்து உஷாராயிருவான். ஸ்டாப்பே இல்லாத இடத்துல, புளியமரத்துக்குப் பின்னால நிக்கணும். வண்டி பக்கத்துல வந்ததும் கையைக் காட்டணும். அப்ப வண்டி எப்படி இருக்கோ அதான் நிஜம்.

தென்காசியில ஒரு கல்யாணம் வந்துச்சு. வெள்ளை வேட்டி கட்டி, பவுடர் போட்டு, எல்லாருக்கும் கேக்குத மாதிரி சாயங்காலந்தான் வருவேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். பஸ் ஏறினேன். தென்காசிக்கு டிக்கெட்டும் எடுத்தேன். நடிப்புன்னாலும் டிக்கெட் சுத்தமா இருக்கணும்லா. அடுத்த ஸ்டாப்ல இறங்கி, பின் முடுக்கு வழியா நடந்து, எங்க வீட்டுப் புறவாசல் செவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்னேன். அங்கன ஒரு முருங்கை நிக்கு, மறைவுக்கு ஆச்சு.

உள்ள வடிவும் ஜெனிஷாவும் உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காவ. எனக்கு வாசனை வருது. அந்தப் புள்ளை கேக்கு.

"அத்தை, அம்மா போன்ல நெட்டு வரலை. நம்பர் மறந்துட்டு, இப்ப என்னது?"

"பழசேதான்டீ. கூட ஒண்ணு."

"பழசுன்னா என்னது? சொல்லுங்களேன்."

கத்தியைக் கீழ வைக்குத சத்தம் கேட்டுச்சு. பொறவு எங்க வீட்டம்மா சொல்லுதா சார்.

"நெல்லையப்பன்."

நான் செவரைப் பிடிச்சுக்கிட்டேன். அந்தக் கழுதை விடலை. கேக்கலை அத்தை, இன்னொருக்கா சொல்லுங்கன்னு சிரிக்கு. வடிவுக்கும் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு.

"நெல்லையப்பன். நெல்லையப்பன் ஒண்ணு. போதுமா? இந்த நெல்லையப்பன் கல்யாணத்துக்குப் போயிருக்கான். அவன் வாரதுக்குள்ள பாடத்தை முடிச்சிரு. வந்தான்னா பெட்டியைத் தூக்கி பீரோவுல வச்சிருவான்."

அவன், இவன்னு சொல்லுதா. என்னைய. கோவம் வரணும்லா? கையும் களவுமா பிடிச்சாச்சு. புறவாசக் கதவைத் தள்ளிட்டு உள்ள போயி, ஏறின இடம் எதுன்னு கேட்டிருக்கணும்லா? கால் நவுறலை சார். அந்தப் பேரு எனக்கு இம்புட்டு நல்லா இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. இத்தனை வருசத்துல சொல்லாத பேரை, ஒரு புள்ளை படிக்கணும்னு அவ சொல்லுதா. பயந்து சொல்லலை. வாய் நிறையச் சொல்லுதா. எங்க அம்மை கூப்பிட்டா அதட்டலா இருக்கும், பள்ளிக்கூடத்துல கூப்பிட்டா அடி விழும். இது வேற மாதிரி. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. வெங்காயம் வேற உரிச்சுக்கிட்டு இருந்தாவல்லா.

சத்தம் போடாம வந்த வழியே திரும்பிட்டேன். பஸ் ஸ்டாப்புக் கடையில டீயைக் குடிச்சேன், இன்னொரு டீயும் குடிச்சேன். சாயங்காலம் வரைக்கும் எங்கெல்லாமோ சுத்திட்டு, கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். கல்யாணம் எப்படின்னு அவ கேக்கவே இல்லை. மிட்டாயை வாங்கி வச்சுட்டு, 'இந்தாருங்க, காப்பி'ன்னா. மறுபடியும் இந்தாருங்கதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு பாத்தியளா. ஒருக்கா சொல்லிட்டா போன் அதை ஞாபகம் வச்சுக்கிடும். யாரும் திரும்பக் கேக்க மாட்டாவ. கேக்கலைன்னா அவ சொல்லவும் மாட்டா. அதனால நெல்லையப்பன் ரெண்டுன்னு மாத்தினேன். பாதுகாப்புக்குத்தான். அடிக்கடி மாத்தணும்னு இசக்கிராஜாவே சொல்லியிருக்கான்லா. மாத்திட்டு, வடிவுட்ட புது நம்பரைச் சொல்லிட்டு, யாரிட்டயும் சொல்லிராதன்னு கண்டிசனாச் சொல்லிட்டு, தென்காசி போறேன்னு கிளம்பிருவேன். இப்ப வாரம் ஒருக்கா எனக்குத் தென்காசியில ஏதாவது ஒரு சோலி வந்துருது. இசக்கிராஜா ஒருநாள் கேட்டான், சார், நம்பரை மட்டுமே மாத்துதியளே, பேரையும் மாத்தினாத்தானே பத்திரம்னு. நீ உன் சோலியைப் பாருடேன்னுட்டேன்.

வடிவு பாவம், ஒண்ணும் அறியாதவ. நான் செவருக்கு அந்தப் பக்கம் நிக்கது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனா ஒண்ணு, முன்ன மாதிரி மெதுவாச் சொல்லுததில்லை. இப்பல்லாம் நல்லா சத்தமாச் சொல்லுதா, அதுவும் செவர்ப் பக்கமா திரும்பிச் சொல்லுத மாதிரிக் கேக்கு. காது மந்தமாகுது போல. காது கேக்காதவங்க சத்தமாத்தானே பேசுவாவ, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும். அப்புறம் போன மாசம் பாத்தா, நான் நிக்குத முருங்கைமூட்டுல ஒரு ஸ்டூல் கிடக்கு. எங்க வீட்டு ஸ்டூல் மாதிரியே இருந்துச்சு. எவனோ மறந்து போட்டுட்டுப் போயிருக்கான். எனக்கும் முட்டுவலி, உக்காந்துக்கிட்டேன். வெயில் ஜாஸ்தியான அன்னைக்கு அது தானா நிழல் பக்கமா நவுந்து கிடந்துச்சு. இந்த முடுக்குல யாரோ நல்ல ஆளு இருக்கான் சார்.

பேத்தி படமா? அது இப்பவும் நின்னு நின்னுதான் வருது. வந்தா வருது. வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும்போதும் அழகாத்தான் இருக்கா.

ஆனா இப்ப ஒரு பெரிய இடி விழுந்திருக்கு. ஜெனிஷா பாஸ் பண்ணிட்டா. ஜெர்மனியில வேலையும் கிடைச்சிட்டு, சீக்கிரம் கிளம்பிருவா. அவ அம்மை தூத்துக்குடியில மகன் வீட்டுக்குப் போறாவ. வடிவு அந்தப் புள்ளைக்குத் திருநூறு பூசி விட்டா, அது சர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டுப் புள்ளை, சிரிச்சுக்கிட்டே பூசிக்கிட்டு. எனக்குச் சந்தோசந்தான், இல்லைங்கலை. ஆனா வளவுல மத்தவங்க எல்லாம் அந்தப் புள்ளைட்டத்தான் நம்பரை வாங்கிக்கிடுவாவ. வடிவுட்ட நேரா வந்து கேக்கது அவ ஒருத்திதான். அவ போயிட்டா வடிவுட்ட யாரு கேப்பா? நான் போயி, ஏளா, நம்ம பாஸ்வேர்டு என்னன்னு கேக்க முடியுமா? கேட்டாலும் இந்தாருங்கன்னு போனைக் கையில கொடுத்துருவா. அவ்வளவுதான், முடிஞ்சுச்சு. பழையபடி டோக்கன் நம்பர்தான்.

இந்த வாரம் பூரா எனக்குச் சோறு இறங்கலை, உள்ளதைச் சொல்லுதேன்.

அதான் உங்க போன் பேச்சு காதுல விழுந்ததும் மனசுக்குள்ள பளிச்சுன்னு இருந்துச்சு. சார், அந்தக் கடைசி வீடு காலியாகுது. நல்ல தண்ணி வரும். நீங்க போன்ல சொன்ன பள்ளிக்கூடமும் பக்கம். வீட்டுக்காரரு எனக்கு வேண்டியவரு, நான் சொன்னாத் தட்ட மாட்டாரு. உங்க வீட்டம்மாவுக்கு வடிவு பேச்சுத்துணை ஆச்சு. நெட்டுக்கு நீங்க தனியா ஒண்ணும் போட வேண்டாம். எங்க பெட்டியிலயே ஏறிக்கிடுங்க. ஓசிதான்.

சிரிக்காதிய. ஒரே ஒரு கண்டிசன். நம்பர் என்னன்னு என்ட்ட கேக்கக் கூடாது. இன்னைக்குக் காலையிலதான் மாத்தியிருக்கேன், நெல்லையப்பன் பதினொண்ணு. பாத்தியளா, நானே சொல்லிட்டேன். சரி, அதை மறந்துருங்க. நீங்க கேக்கலை, நான் சொல்லலை. உங்க வீட்டம்மாவை அனுப்பி வடிவுட்டத்தான் கேக்கச் சொல்லணும். வாராவாரம் கேக்கணும். மொதல் தடவை சொன்னதும் கேக்கலைன்னு சொல்லச் சொல்லுங்க. ரெண்டாவது தடவைதான் நல்லா வரும்.

வண்டி நவுறுது. அந்தா ஸ்டாப் வந்துட்டு. பையை எடுத்துக்கிடுங்க, வீட்டை ஒரு எட்டுப் பாத்துருவோம். முன்வாசல் வழியா வேண்டாம், பின் முடுக்கு வழியாப் போவோம். செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிடுங்க, ஸ்டூல்ல நீங்க உக்காருங்க, நான் நின்னுக்கிடுதேன். ஜெனிஷா இந்நேரம் வந்து கேட்டுக்கிட்டு இருப்பா. கண்டக்டர், ஆள் இறக்கம். சார், டிக்கெட்டைக் கீழ போட்டுராதிய, இறங்குத வரைக்கும் கையில இருக்கட்டும்.